கின்கார்டின்ஷயர் என்கிற மேர்ன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தில் கின்கார்டின்ஷயர் என்று ஒரு மாவட்டம் இப்போது இருக்கிறதா?

நிர்வாகக் கணக்கில் இல்லை. 1975 மே மாதம் ஸ்காட்லாந்தின் உள்ளாட்சி அமைப்பை அடியோடு மாற்றியபோது கின்கார்டின்ஷயர் கவுன்டி கவுன்சிலைக் கலைத்துவிட்டார்கள். அடுத்த 21 ஆண்டுகள் கிராம்பியன் என்ற பெரிய மண்டலத்துக்குள் 'கின்கார்டின் மற்றும் டீசைட்' என்ற வட்டாரமாக அது ஓடிக்கொண்டிருந்தது. 1996இல் அதுவும் போயிற்று. இன்று பெரும்பகுதி அபர்டீன்ஷயர் கவுன்சிலின் கீழ் வருகிறது. வடகிழக்கு மூலை மட்டும் அபர்டீன் நகரத்தோடு சேர்ந்துவிட்டது.

ஆனால் பெயர் முழுதாகச் சாகவில்லை. மன்னரின் பிரதிநிதியாக 'லார்ட் லெஃப்டினன்ட்' என்று ஒரு கௌரவப் பதவி அந்த நாட்டில் உண்டு. அந்தப் பதவிக்கான எல்லைகளில் கின்கார்டின்ஷயர் இன்னும் தனியாக இருக்கிறது. ஊர்க்காரர்களோ அந்த நீளப் பெயரை அதிகம் சொல்வதில்லை; அவர்களுக்கு இது 'மேர்ன்ஸ்'.

அப்படியானால் 'வரலாற்று மாவட்டம்' என்கிறார்களே, அது என்ன?

இடைக்காலத்தில் மன்னர் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஷெரிஃப் என்ற அதிகாரியை வைத்தார். வரி வசூல், வழக்கு விசாரணை, படைக்கு ஆள் திரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் ஆண்ட எல்லைதான் ஷயர். தேர்தல் வைத்து உறுப்பினர்களை அனுப்பும் கவுன்டி கவுன்சில்கள் வெகு பின்னால், 1890இல்தான் வந்தன. ஆக, மாவட்டம் என்பது பல நூறு ஆண்டுப் பழக்கம். கவுன்சில் என்பது அதன் கடைசி 85 ஆண்டுகள். கவுன்சிலைக் கலைத்ததால் மாவட்டமே இல்லை என்று ஆகிவிடாது என்று வாதிடுகிறவர்கள் அங்கே நிறைய. எனக்கும் அந்த வாதம் பிடிக்கும்.

எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், அபர்டீனுக்கு நேர் தெற்கே. கிழக்கே வடகடல். தெற்கே வடக்கு எஸ்க் ஆறு. அதைத் தாண்டினால் ஆங்கஸ் மாவட்டம். மேற்கே கிராம்பியன் மலைகள். வடக்கு எல்லையின் பெரும்பகுதி டீ ஆறு. (தேநீருக்கும் இந்த டீக்கும் சம்பந்தம் இல்லை. இந்த மாவட்டத்துக்கும் தேநீருக்கும் உண்டு, கீழே வருகிறது.) பாங்க்கரி என்ற ஊர் டீ ஆற்றின் வடகரையில் இருந்தும் கின்கார்டின்ஷயரைச் சேர்ந்தது, எனவே ஆற்றை மட்டும் வைத்து எல்லை போட்டுவிட முடியாது. தென்கரையில் அபர்டீனைப் பார்த்தபடி இருந்த டோரி கிராமத்தை 1891இலேயே நகரம் விழுங்கிவிட்டது.

பரப்பளவு சுமார் 380 சதுர மைல். ஸ்காட்லாந்து அளவுகோலில் சின்ன மாவட்டம்தான். உயரமான இடம் மேற்கு எல்லையில் நிற்கும் மவுண்ட் பேட்டக், 778 மீட்டர்.

'மேர்ன்ஸ்' என்ற பெயர் எப்படி வந்தது? கின்கார்டின் என்றால்?

'மேர்' என்பது கேலிக் மொழியில் மன்னருக்காக நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மணியக்காரரைக் குறிக்கும் சொல். மணியக்காரரின் பொறுப்பில் இருந்த சீமை என்பதே மேர்ன்ஸ் என்று விளக்கம் சொல்கிறார்கள். கின்கார்டின் இரண்டு மொழி கலந்த பெயர்: 'கின்' என்றால் தலை, முனை, அது கேலிக், 'கார்டின்' என்பது கேலிக்குக்கு முன்னால் அந்த நிலத்தில் இருந்த பிக்ட் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல், புதர்க்காடு என்று பொருள் கொள்கிறார்கள். காட்டுமுனை என்று வைத்துக்கொள்ளலாம்.

நிலம் எப்படிப்பட்டது?

ஸ்காட்லாந்தை மேட்டு நாடு, தாழ் நாடு என்று பிரிப்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல. பூமிக்குள் உண்மையிலேயே ஒரு பிளவு ஓடுகிறது. மேற்குக் கரையில் ஆரன் தீவின் பக்கம் தொடங்கி நாட்டின் குறுக்கே சாய்வாக வந்து, ஸ்டோன்ஹேவன் ஊருக்குச் சற்று வடக்கே கடலில் இறங்குகிறது. பிளவுக்கு வடக்கே பழைய, இறுகிய பாறை. தெற்கே சிவப்பு மணற்கல். கரையோரமாக நடந்தால் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குக் கால் மாற்றி வைப்பதுபோல இந்த இடத்தைக் கடந்துவிடலாம்.

அந்தச் சிவப்பு மணற்கல் சிதைந்துதான் உள்ளே 'ஹவ் ஆஃப் த மேர்ன்ஸ்' என்ற பள்ளத்தாக்கின் செம்மண் ஆகியிருக்கிறது. உழுது போட்ட வயல் செங்கல் நிறத்தில் கிடக்கும். மேற்கே மலை, கிழக்கே கடலோர மேடு, நடுவில் இந்தச் செழிப்பான தாழ்வு: மாவட்டத்தின் சோறு முழுக்க இங்கேதான். தெற்கிலிருந்து அபர்டீன் போகும் முக்கியச் சாலையும் ரயிலும் இதன் வழியாகத்தான் போகின்றன. அந்தக் காலத்தில் படைகளும் அப்படியே. மலை ஸ்டோன்ஹேவன் அருகே கடலை நெருக்கிக்கொண்டு வருவதால், அந்த இடுக்கைப் பிடித்தவன் வடக்குக்குப் போகும் வழியைப் பிடித்தவன். டன்னாட்டர் கோட்டை அங்கே ஏன் எழுந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கடற்கரை செங்குத்துப் பாறை. மணல் கரை வேண்டுமென்றால் தெற்குக் கோடியில் செயின்ட் சைரஸுக்குப் போக வேண்டும். ஃபவுல்ஸ்ஹ்யூ என்ற பாறைச்சுவரில் கோடைதோறும் லட்சத்துக்கு மேல் கடற்பறவைகள் கூடு வைக்கின்றன. அந்த நாற்றத்தைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் அடக்கமாகவே பேசும்.

இன்னொன்று. ஸ்டோன்ஹேவனை ஒட்டிய கவி துறைமுகத்தின் கரைப்பாறையில், புதைபடிவம் தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த ஒரு பஸ் டிரைவர் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள மரவட்டைத் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் உடலில் காற்றை இழுக்கும் துளைகள் இருந்தன. நிலத்தில் காற்றைச் சுவாசித்த உயிர்களுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. வயது நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேல். சரியாக எத்தனை என்று அறிஞர்கள் இன்னும் மாற்றி மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள். 2004இல் அதற்குப் பெயர் வைத்தபோது அந்த டிரைவரின் பெயரையே சேர்த்து 'நியூமோடெஸ்மஸ் நியூமனி' என்று வைத்தார்கள்.

மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த கின்கார்டின் நகரம் எங்கே?

காணவில்லை. ஃபெட்டர்கேர்ன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு அரச கோட்டையும், அதைச் சுற்றி ஒரு நகரமும் இருந்தன. 1296இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் படையோடு வந்தபோது, ஸ்காட்லாந்து மன்னர் ஜான் பேலியல் இந்தக் கின்கார்டினில் வைத்துத்தான் ஜூலை 2ஆம் தேதி பணிந்து ஓலை கொடுத்தார். அப்படி நாட்டின் தலையெழுத்தே மாறிய இடம்.

மன்னர்கள் வருவது நின்றது. அப்புறம் ஷெரிஃப் நீதிமன்றத்துக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடமில்லை, சாப்பாடு இல்லை என்ற புகார் வர, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீதிமன்றத்தை ஸ்டோன்ஹேவனுக்கு மாற்றினார்கள். நீதிமன்றம் போனபின் நகரமும் கரைந்தது. இன்று கோட்டையின் அடிச்சுவர் சில கற்களாகக் கிடக்கிறது. சந்தைச் சதுக்கத்தில் நின்ற கல்தூணை ஃபெட்டர்கேர்ன்காரர்கள் கொண்டுபோய்த் தங்கள் ஊர் நடுவில் நட்டுக்கொண்டார்கள். மாவட்டத்தின் தலைநகரில் மிச்சமாக நிமிர்ந்து நிற்பது அது ஒன்றுதான், அதுவும் அடுத்த ஊரில்.

ஒரு ராஜாவை ஒரு பெண் பொறி வைத்துக் கொன்றாளாமே?

ராஜா செத்தது வரலாறு, பொறி கதை. 995இல் இரண்டாம் கென்னத் மன்னர் ஃபெட்டர்கேர்னில் கொல்லப்பட்டார். ஃபினெல்லா என்ற பிரபுக் குலப் பெண்தான் காரணம், தன் மகனை மன்னர் கொன்றதற்குப் பழி வாங்கினாள் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன.

பிற்கால நூலாசிரியர்கள் இதற்குக் கைகால் வைத்தார்கள். ஃபினெல்லா மன்னரை விருந்துக்கு அழைத்தாளாம். வீட்டில் ஒரு சிலை, அதன் கையில் பொன் ஆப்பிள். அதை எடுத்தால் சுவருக்குள் மறைத்து வைத்த விற்கள் விடுபட்டு நாலு பக்கமும் அம்பு பாயும். மன்னர் எடுத்தார். அவள் ஓடிப்போய் ஒரு அருவியில் குதித்து உயிரை விட்டாள் என்றும் சொல்வார்கள். அந்த ஓடைப் பள்ளத்துக்கு இன்றும் டென் ஃபினெல்லா என்றே பெயர். இந்தக் கதையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜான் ஆஃப் ஃபோர்டன். அவர் பெயரில் இருக்கும் ஃபோர்டூன் ஊர் ஃபெட்டர்கேர்னிலிருந்து சில மைல் தூரம்தான். ஊர்ப்பாசம் வேலை செய்திருக்கும்.

ஷெரிஃபைக் கொதிக்க வைத்துச் சூப்பு குடித்த கதை உண்மையா?

1420ஐ ஒட்டி, மேர்ன்ஸின் ஷெரிஃப் ஜான் மெல்வில் அக்கம்பக்கத்து நிலக்கிழார்களின் கையால் செத்தார் என்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். மற்றது வழிவழியாக வந்த கதை. ஷெரிஃபின் கெடுபிடி பற்றி நிலக்கிழார்கள் ஓயாமல் மேலிடத்தில் முறையிட்டார்களாம். கேட்டுச் சலித்தவர், "அந்த ஆளை வேகவைத்துக் குடித்துத் தொலையுங்கள்" என்று எரிச்சலில் சொல்லிவிட்டாராம். அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்கள். கார்வாக் குன்றில் வேட்டைக்கென்று அழைத்து, கொதிக்கும் அண்டாவில் தள்ளி, ஆளுக்கு ஒரு கரண்டி குடித்தார்கள் என்று கதை போகிறது. குன்றில் அந்தப் பள்ளத்தை 'ஷெரிஃப்ஸ் கெட்டில்', அதாவது ஷெரிஃபின் அண்டா என்று காட்டுவார்கள். மேலிடத்தில் பேசுகிறவர்கள் வார்த்தையை அளந்து பேச வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் எனக்குத் தெரியாது.

டன்னாட்டர் கோட்டையில் கிரீடத்தை ஒளித்து வைத்தது எப்படி?

மாவட்டத்திலேயே அதிகம் சொல்லப்படும் கதை இது. கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

கோட்டை ஸ்டோன்ஹேவனுக்குத் தெற்கே, மூன்று பக்கம் கடல் சூழ்ந்த ஒரு பெரும் பாறை மேல் இருக்கிறது. கரையோடு சேர்க்கும் ஒற்றை வழி பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியது. கீத் குடும்பம், அதாவது ஏர்ல் மாரிஷல் என்ற பட்டம் கொண்ட பிரபுக்கள், அதன் சொந்தக்காரர்கள். நாட்டின் கிரீடம், செங்கோல், அரசவாள் மூன்றையும் காப்பது அவர்களின் பரம்பரைப் பொறுப்பு.

1649இல் இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டினார்கள். மன்னருக்கு எதிராகப் போரிட்ட தளபதி ஆலிவர் கிராம்வெல்லின் ஆட்கள் அந்த நாட்டு அரச சின்னங்களை உருக்கி விற்றார்கள். ஸ்காட்லாந்தோ, கொல்லப்பட்டவரின் மகன் இரண்டாம் சார்ல்ஸுக்கு 1651 ஜனவரி 1ஆம் தேதி ஸ்கோனில் முடிசூட்டியது. முந்தைய ஆண்டே ஸ்காட்லாந்துக்குள் நுழைந்துவிட்ட கிராம்வெல்லின் படை மேலும் வடக்கே வந்தது. ஸ்காட்லாந்தின் கிரீடத்துக்கும் அடுப்புதான் கதி என்று தெரிந்ததும் அதை டன்னாட்டருக்கு அனுப்பிவிட்டார்கள்.

1651 செப்டம்பரில் முற்றுகை தொடங்கியது. உள்ளே ஜார்ஜ் ஓகில்வியின் தலைமையில் சுமார் எழுபது பேர். எட்டு மாதம் தாக்குப் பிடித்தார்கள். பெரிய பீரங்கிகள் வந்து சேர்ந்து குண்டு விழத் தொடங்கியபின், 1652 மே 24இல் சரணடைந்தார்கள். உள்ளே போன படை கோட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியும் கிரீடம் இல்லை.

அது ஏற்கனவே தெற்கே சில மைல் தள்ளி, கின்னெஃப் கிராமத் தேவாலயத்தின் தரைக்கடியில் கிடந்தது. கொண்டுபோனவர் அந்த ஊர்ப் போதகர் ஜேம்ஸ் கிரேஞ்சரின் மனைவி கிறிஸ்டியன் ஃபிளெட்சர். எப்படி என்பதில் இரண்டு பேச்சு. கோட்டைத் தலைவரின் மனைவியைப் பார்த்துவிட்டு வருவதாக முற்றுகைக்காரர்களிடமே அனுமதி வாங்கிப் போய், கிரீடத்தை மடியிலும், செங்கோலையும் வாளையும் சணல்நார்க் கட்டிலும் மறைத்துக் குதிரையில் வந்தார். ஏறவும் இறங்கவும் எதிரித் தளபதியே கை கொடுத்தான் என்பது ஒன்று. பாறையிலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்க, கடற்பாசி பொறுக்குவதுபோல நின்ற வேலைக்காரப் பெண் கூடையில் வைத்துத் தூக்கிவந்தாள் என்பது இன்னொன்று. முதல் கதை அழகாக இருக்கிறது. இரண்டாவதுதான் நடக்கக்கூடியதாக எனக்குப் படுகிறது.

போதகரும் மனைவியும் எட்டு ஆண்டுகள் இரவு நேரத்தில் தோண்டியெடுத்து, ஈரம் போகக் காற்றாட விட்டு, மறுபடி புதைத்தார்கள். 1660இல் மன்னர் திரும்ப வந்ததும் சின்னங்கள் வெளியே வந்தன. பரிசு விஷயத்தில்தான் கசப்பு. ஏர்ல் மாரிஷலின் தம்பி ஜான் கீத் பின்னாளில் கின்டோர் ஏர்ல் ஆனார். சிறையில் கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஓகில்விக்குச் சின்னப் பட்டம். கிறிஸ்டியன் ஃபிளெட்சருக்கு 2,000 மெர்க் பணம் கொடுக்க நாடாளுமன்றம் ஆணையிட்டது. கிரீடம் இன்று எடின்பரோ கோட்டையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கின்னெஃபின் பழைய தேவாலயம் இப்போதும் நிற்கிறது. கதை தெரிந்தவர்கள் கோட்டையைப் பார்த்த கையோடு அங்கேயும் எட்டிப்பார்ப்பது நல்லது.

அதே கோட்டை சிறையாகவும் இருந்ததா?

ஆம். 1685இல், தேவாலயத்தின்மேல் மன்னருக்கு அதிகாரம் இல்லை என்று உறுதியாக நின்ற 167 பேரை, அவர்களில் 45 பேர் பெண்கள், இங்கே ஒரு நிலவறையில் அடைத்தார்கள். கோடை வெயிலில், படுக்க இடமில்லாமல், வாரக்கணக்கில். சிலர் கடல் பக்க ஜன்னல் வழியாகப் பாறையில் இறங்கித் தப்பப் பார்த்தார்கள். இரண்டு பேர் விழுந்து செத்தார்கள். பணியாதவர்களைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள், வழியில் பலர் மாண்டார்கள். கிரீடக் கதை சொல்லிவிட்டு இதை விட்டுவிடும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள்.

ஸ்டோன்ஹேவனில் சிறை ஜன்னல் வழியே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்களா?

கொடுத்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய டோல்பூத் கட்டடம் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐந்தாவது ஏர்ல் மாரிஷல் கட்டியது. சரக்குக் கிடங்கு, அப்புறம் நீதிமன்றம், சிறை. அரியணை இழந்த ஸ்டூவர்ட் குலத்துக்காக எழுந்த 1745 கிளர்ச்சி தோற்றபின், கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் சாய்ந்ததாகக் கருதப்பட்ட, பிஷப்புகளை ஏற்கும் எபிஸ்கோபல் திருச்சபையினர் கூடி வழிபடுவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. அதை மீறிய மூன்று குருமார்களை 1748-49 குளிர்காலத்தில் இங்கே அடைத்தார்கள். மீனவப் பெண்கள் முதுகில் சுமக்கும் மீன்கூடையில் பிள்ளையை வைத்துக்கொண்டு கடற்கரை வழியாக நடந்து வந்து, கம்பிக்கு நேராகத் தூக்கிக் காட்டுவார்கள். உள்ளிருந்து கை நீளும், தண்ணீர் தெளிக்கும். அந்தக் கட்டடம் இப்போது சின்ன அருங்காட்சியகம்.

இலங்கைத் தேயிலைக்கும் இந்த மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு?

தமிழ் வாசகர்கள் இந்த மாவட்டத்தைப் பற்றி அறிய ஒரு காரணம் வேண்டுமென்றால் இதுதான்.

ஜேம்ஸ் டெய்லர் 1835இல் ஆக்கன்பிளே கிராமத்துக்குப் பக்கத்தில், மான்பாடோ பண்ணையைச் சேர்ந்த மாஸ்பார்க் என்ற குடிசையில் பிறந்தார். அப்பா வண்டிச்சக்கரம் செய்கிறவர். ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனார். பள்ளியில் படித்துக்கொண்டே கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் வடகிழக்கு ஸ்காட்லாந்திலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குப் போவது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. ஆண்டுக்கு 100 பவுன் சம்பளத்தில் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டு, 1852இல் கொழும்பில் இறங்கியபோது டெய்லருக்கு வயது பதினாறு.

கண்டிச் சீமையில் தெல்தோட்டைப் பக்கம் இருக்கும் லூலேகந்துர தோட்டத்துக்குப் போனார். சாகும்வரை நாற்பது ஆண்டு அங்கேதான். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். இலங்கையில் வியாபாரத்துக்கென்று பயிரான முதல் தேயிலை அது. பங்களாத் திண்ணையில் கையால் கொழுந்தை உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பில் காயவைத்துப் பழகினார். இரண்டு ஆண்டு கழித்து, 1869இல், கோப்பி இலையில் துரு நோய் தலைகாட்டியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பி முற்றாக அழிந்தபோது, மாற்றாக நீட்டுவதற்குத் தேயிலை தயாராக இருந்தது.

அந்தக் காட்டை வெட்டியதும், கன்று வைத்ததும், கொழுந்து கிள்ளியதும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஆட்கள். கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். வருவார்கள், மன்னாரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்தே வருவார்கள், பலர் வழியிலேயே செத்தார்கள், பிழைத்தவர்கள் ஊர் திரும்புவார்கள். தேயிலை அப்படி இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து வந்துகொண்டே இருக்கும். எனவே குடும்பம் குடும்பமாக லயங்களில் நிரந்தரமாகத் தங்க வேண்டியதாயிற்று. மலையக மக்கள் என்று ஒரு சமூகம் வேர்விட்டதற்கு இந்தப் பயிர் மாற்றம் பெரிய காரணம். எண்பது ஆண்டு கழித்து, 1948இல், அவர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் புதிய சட்டம் பறித்தது வேறு கதை.

டெய்லர் 1892 மே 2ஆம் தேதி வயிற்றுக்கடுப்பில் இறந்தார். கடைசி நாட்களில் தோட்டத்தின் உரிமையாளர்கள் அவரை வெளியேறச் சொல்லியிருந்தார்கள். ஆள் ஆஜானுபாகு. இருபத்துநான்கு பேர் முறைவைத்துக் கண்டி வரை சவப்பெட்டியைத் தூக்கிப்போனதாகவும், தொழிலாளர்கள் 'சாமி துரை' என்று சொல்லிக்கொண்டு பின்னால் நடந்ததாகவும் சொல்லப்படுகிறது. கண்டி மஹய்யாவ கல்லறையில் தேயிலைக்கும், மலேரியா மருந்து தரும் சிங்கோனா மரத்துக்கும் முன்னோடி என்று அவர் பெயர் பொறித்திருக்கிறது. 19 ஏக்கரை வெட்டித் திருத்தியவர்களில் ஒருவர் பெயரையாவது எந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை.

மான்பாடோ என்ற பெயரை வேறு எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

டெய்லர் பிறந்த பண்ணையின் பழைய சொந்தக்காரர் மான்பாடோ பிரபு, இயற்பெயர் ஜேம்ஸ் பர்னெட் (1714-1799). நீதிபதி. ஒராங்குட்டானும் மனிதனும் ஒரே இனம், மொழிதான் நம்மைப் பிரித்தது என்று எழுதி ஊர் சிரிக்க வைத்தவர். மனிதர்கள் வாலோடு பிறக்கிறார்கள், மருத்துவச்சிகள் கமுக்கமாக வெட்டிவிடுகிறார்கள் என்றும் நம்பினாராம். இது எடுபடவில்லை. ஆனால் டார்வின் தன் கொள்கையை வெளியிட்டது 1859இல். அதற்கு எத்தனையோ ஆண்டு முன்னால் இந்தத் திசையில் யோசித்தவர்களில் இவரும் ஒருவர்.

இங்கே பிறந்த வேறு பெரிய ஆட்கள்?

ராபர்ட் வில்லியம் தாம்சன், ஸ்டோன்ஹேவன், 1822. காற்றடைத்த டயருக்கு 1845இல் காப்புரிமை வாங்கினார். சைக்கிளே சரியாக வராத காலம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888இல் டன்லப் மறுபடி கண்டுபிடித்துப் பெயர் வாங்கினார்.

ஹெர்குலிஸ் லின்டன், இன்வர்பெர்வி ஊர்க்காரர். 'கட்டி சார்க்' என்ற பாய்மரக் கப்பலை வடிவமைத்தவர். சீனத் தேயிலையை லண்டனுக்கு வேகமாகக் கொண்டுவரக் கட்டிய கப்பல். அது 1869 நவம்பர் 22இல் நீரில் இறங்கியது; ஐந்து நாள் முன்னால்தான் சூயஸ் கால்வாய் திறந்திருந்தது, நீராவிக் கப்பலுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது. பாவம். அதே ஆண்டுதான் இலங்கையில் கோப்பித் துரு. தேநீரின் வரலாற்றில் 1869ஐ அடிக்கோடிட்டு வைக்கலாம், அதன் இரண்டு முனையிலும் இந்தச் சின்ன மாவட்டத்து ஆள் ஒவ்வொருவர் நிற்கிறார்.

ஸ்காட்லாந்தின் தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸ் தென்மேற்கே பிறந்தவர். ஆனால் அவருடைய அப்பா இந்த ஊர் மண். முன்னோர் கல்லறைகள் கிளென்பெர்வியில் இருக்கின்றன. ஊரி பண்ணையின் கேப்டன் பார்க்ளேயையும் விட மனமில்லை: 1809இல் ஆயிரம் மணி நேரத்தில், மணிக்கு ஒரு மைல் வீதம், ஆயிரம் மைல் நடந்து ஆயிரம் கினி பந்தயம் ஜெயித்தார். கணக்குப் பார்த்தால் ஆறு வாரம் ஒரு இரவு கூட ஒழுங்காகத் தூங்கியிருக்க முடியாது.

இந்த நிலத்தை வைத்து ஒரு புகழ்பெற்ற நாவல் உண்டாமே?

ஆர்பத்நாட்டில் குடியானவர் வீட்டில் வளர்ந்த ஜேம்ஸ் லெஸ்லி மிட்செல், லூயிஸ் கிராசிக் கிப்பன் என்ற புனைபெயரில் 1932இல் வெளியிட்ட 'சன்செட் சாங்'. முதல் உலகப்போர் மேர்ன்ஸின் சிறு விவசாயிகளை எப்படித் துடைத்துக்கொண்டு போயிற்று என்பது கதை. வெளிவந்தபோது உள்ளூரில் முகம் சுளித்தார்கள், தங்களையே எழுதிவிட்டான் என்று. ஆசிரியர் 1935இல், 34 வயதுகூட முடியாமல் இறந்தார். அஸ்தி ஆர்பத்நாட் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

என்ன விளைகிறது, என்ன சாப்பிடுவார்கள்?

பார்லி, உருளைக்கிழங்கு, மாடு. ஃபெட்டர்கேர்னில் 1824 முதல் விஸ்கி வடிக்கிறார்கள். ஃபின்டன் என்ற மீனவக் கிராமத்தின் பெயரால் 'ஃபினன் ஹேடி' என்று புகையூட்டிய ஹேடக் மீன் உண்டு. உண்மையிலேயே நல்ல சாப்பாடு. மார்ஸ் சாக்லேட்டை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தது 1990களில் ஸ்டோன்ஹேவன் மீன் வறுவல் கடையில்தான் தொடங்கியது என்றும் பெருமையடித்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

எப்போது போகலாம்? எப்படிப் போவது?

ஜூனில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். டிசம்பரில் ஏழு மணி நேரம்கூடத் தேறாது. பறவைகளுக்கு மே, ஜூன். கோடையிலும் கடலிலிருந்து திடீரென்று 'ஹார்' என்ற குளிர்மூட்டம் ஏறிவந்து, எதிரே இருக்கும் கோட்டையை மறைத்துவிடும். ஒரு மணி நேரம் பொறுத்திருந்து பாருங்கள். எடின்பரோவிலிருந்து அபர்டீன் போகும் ரயிலில் ஸ்டோன்ஹேவனில் இறங்கலாம். லாரன்ஸ்கர்க் நிலையத்தை 1967இல் மூடி, 2009இல் மறுபடி திறந்தார்கள். மேற்கே கேர்ன் ஓ மவுண்ட் கணவாய்ச் சாலை சுமார் 450 மீட்டர் உயரம் ஏறும், குளிர்காலத்தில் பனி விழுந்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

டிசம்பர் 31 இரவு போகிறவர்களுக்கு வேறு காட்சி. ஸ்டோன்ஹேவனின் பழைய தெருவில், கம்பிவலைக் கூண்டுக்குள் எரியும் துணியையும் விறகையும் அடைத்து, தலைக்கு மேல் சுழற்றியபடி பத்துப் பதினைந்தல்ல, நாற்பது பேர் போல நடந்து வருவார்கள். நள்ளிரவு மணி அடித்ததும் தொடங்கி, கடைசியில் தீப்பந்துகளைத் துறைமுகத் தண்ணீரில் வீசி எறிவார்கள். பழைய ஆண்டின் பீடையை எரிப்பதற்கு என்கிறார்கள்.

இணையத்தில் 'கின்கார்டின்' என்று தேடினால் பாலம் வருகிறதே?

அது வேறு ஊர். ஃபோர்த் ஆற்றின் கரையில், ஃபைஃப் பக்கம், பாலத்துக்குப் பெயர் போன கின்கார்டின். டீ ஆற்றின் கரையில் கின்கார்டின் ஓநீல் என்று இன்னொன்று உண்டு; அது பழைய அபர்டீன்ஷயரைச் சேர்ந்தது. நீங்கள் தேடும் கின்கார்டினுக்கு வழி வேண்டுமென்றால் ஃபெட்டர்கேர்ன் என்று போட்டுப் போங்கள். ஊர் நடுவில் அந்தக் கல்தூண் நிற்கும்.